டவுன் ஹாலில் இன்றைக்கு என்ன நாடகம்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் இந்தப் பகுதியின் கடைசியில், 'உங்கள் ஊரில் பழைய டவுன் ஹால் இருக்கிறதா, அதில் நாடகம் பார்த்திருக்கிறீர்களா?' என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தேன். இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால், சுருக்கமாக வி.பி. ஹால் பற்றியவை. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான் பேச்சு, நடுவில் வெளியூர் ஒன்றிரண்டு.

தினமும் சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகையைத் தாண்டி வேலைக்குப் போகிறேன். பக்கத்திலேயே கோபுரம் வைத்த ஒரு சிவப்புக் கட்டடம். என் மாமனார் அதை 'டவுன் ஹால்' என்கிறார், அலுவலகத்தில் 'விக்டோரியா ஹால்' என்கிறார்கள். எது சரி? – பெரம்பூர் வாசகி

இரண்டுமே சரிதான். உங்கள் மாமனார் சொல்வது இன்னும் பழைய பெயர் என்பதால் அவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள். 1882-இல் பட்டணத்துப் பிரமுகர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, நம் ஊருக்கென்று ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். (இது ஆந்திரப் பக்கத்து விஜயநகரம், ஹம்பி இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.) 1887-இல் விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்கு ஐம்பது வருடம் நிறைந்ததை ஒட்டித்தான் 'விக்டோரியா பப்ளிக் ஹால்' என்ற பெயர் வந்தது. பட்டணத்து மக்கள் வாயில் அது டவுன் ஹாலாகவே இருந்தது, பிறகு சுருங்கி வி.பி. ஹால் ஆனது.

ஒன்றை மட்டும் மனதில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் தினமும் தாண்டிப் போகிற ரிப்பன் மாளிகை 1913-இல் வந்தது. வி.பி. ஹால் எழும்பியபோது அந்த இடம் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவின் ஒரு பகுதி. சென்ட்ரல் ஸ்டேஷன் மட்டும் அதற்கு முன்பே, 1873-இலிருந்து இருக்கிறது. அரசு அலுவலகமும் இல்லாமல் கோயிலும் இல்லாமல், ஊர் மக்கள் கூடுவதற்கென்றே ஒரு கட்டடத்தைப் பூங்காவுக்குள், ஊர்ப் பணக்காரர்களும் சமஸ்தானங்களும் கொடுத்த பணத்தில் கட்டியிருக்கிறார்கள்.

டவுன் ஹால் என்றால் கூட்டம் போடுகிற இடம்தானே? அதில் நாடகம் எப்படி நுழைந்தது? – கும்பகோணம் வாசகர்

உங்கள் ஊர் போர்ட்டர் டவுன் ஹாலை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேள்வி நல்ல கேள்வி, பதிலும் கொஞ்சம் நீளம்.

அந்தக் காலத்தில் நாடகம் என்றால் கொட்டகை. மூங்கில், கீற்று, மண்ணெண்ணெய் விளக்கு, விடிய விடிய ஆட்டம். நடிக்கிறவர்களைக் 'கூத்தாடி' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். படித்த வீட்டுப் பிள்ளை மேடை ஏறுகிறான் என்றால் வீட்டில் பெரிய ரகளையே நடக்கும். மழை பெய்தால் நனையாத, கச்சேரியும் பொதுக்கூட்டமும் நடத்த நாலு சுவர் உள்ள இடம் என்று ஊரில் ஒன்று வந்ததும், பகலில் தீர்மானம் நிறைவேற்றுகிற கூடத்தில் ராத்திரி படுதாவைக் கட்டிவிடலாம் என்பது எல்லாருக்கும் தோன்றிவிட்டது. எங்கெல்லாம் டவுன் ஹால் கட்டினார்களோ அங்கெல்லாம் இதுதான் நடந்தது. வி.பி. ஹாலில் கீழே ஏறக்குறைய 600 பேர், மேலே ஏறக்குறைய 600 பேர், மரத்தால் செய்த கேலரியில் இன்னொரு 200 பேர் உட்காரலாம். இப்படி ஓர் இடம் கையில் இருக்கும்போது நாடகக்காரர்கள் சும்மா விடுவார்களா?

ஆனால் அங்கே நிஜமாகவே பெரிய காரியம் நடந்தது 1891-இல். பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு வந்து வி.பி. ஹாலில் நாடகம் போட்டது. குழுவை நடத்தியவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார், தொழிலால் வக்கீல். மேடையில் நின்றவர்களும் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒரு பையனுக்கு அப்போது பதினெட்டு வயது. தமிழ் நாடகம் என்றாலே தனக்கு அதுவரை பிடிக்காது என்று பின்னாளில் அவரே எழுதினார். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார்.

அதே வருடம் ஜூலை 1-ஆம் தேதி நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'சுகுண விலாச சபை'யை ஆரம்பித்துவிட்டார். வக்கீல், குமாஸ்தா, கல்லூரி மாணவர் என்று வயிற்றுப் பிழைப்புக்கு வேறு வேலை உள்ளவர்கள் சாயங்காலம் கூடி ஒத்திகை பார்த்து நாடகம் போட்டார்கள். இன்று நாம் 'அமெச்சூர் நாடகம்' என்று சொல்கிறோமே, தமிழில் அதற்கு வேர் விட்ட மண் இதுதான் என்பேன். பாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்த நாடகத்தை வசனத்துக்குத் திருப்பினார், நேரத்தைக் குறைத்தார், தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 'மனோகரா', 'சபாபதி' எல்லாம் பிறகு சினிமாவாக வந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், மூலம் இவருடைய நாடகங்கள். பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள், சபையின் ரங்கவடிவேலு அதில் பெரிய பெயர் எடுத்தவர். அரசியலில் தீரர் என்று பெயர் வாங்கிய சத்தியமூர்த்தியும் இந்தச் சபை மேடையில் நடித்தவர்தான். சம்பந்த முதலியார் வக்கீலாக இருந்து நீதிபதியும் ஆனார், நாடகத்தை மட்டும் விடவே இல்லை. ஒரு நீதிபதி மேடையில் வேஷம் கட்டினார் என்றால் அதற்குப் பிறகு யாரைப் பார்த்துக் 'கூத்தாடி' என்று சொல்ல முடியும்? 1959-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

கொட்டகையில் கிடைக்காத ஒரு மரியாதை நாடகத்துக்கு டவுன் ஹாலில் கிடைத்தது. முதல் நாள் பெரிய மனிதர்கள் கூட்டம் போட்ட அதே இடத்தில் மறுநாள் நாடகம் நடந்தது பாருங்கள், காரணம் அதுதான்.

சுவாமி விவேகானந்தர் அங்கே குதிரை வண்டி மேல் நின்று பேசினாராமே, உண்மையா? – திருவல்லிக்கேணி வாசகர்

உண்மை. 1897 பிப்ரவரி. அமெரிக்கா போய்விட்டு கொழும்பு, ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாகச் சென்னை வந்து, உங்கள் பேட்டைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸில்தான் தங்கினார். வி.பி. ஹாலில் வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. உள்ளே இடம் நிரம்பி, வெளியே அதைப் போலப் பல மடங்கு கூட்டம், வெளியே வந்து பேசச் சொல்லி ஒரே கூச்சல். அவர் வெளியே வந்தார், ஒரு கோச் வண்டி மேல் ஏறி நின்றார், கீதை சொன்ன முறையில் ரதத்தின் மேலிருந்து பேச வேண்டியதாகிவிட்டது என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கினார். கூட்டத்தின் இரைச்சலில் அன்றைக்கு அதிகம் பேச முடியவில்லை. பிறகு இன்னொரு நாள் அதே ஹாலுக்குள் விரிவாகப் பேசினார், 'எனது போர்த்திட்டம்' என்று தமிழில் வழங்குகிற அந்த உரை இங்கே பேசியதுதான்.

எனக்கு இதில் பிடித்தது அந்த வெளியே நின்ற கூட்டம். டிக்கெட் இல்லை, அழைப்பிதழ் இல்லை, 'இது எங்கள் ஹால், எங்களுக்கும் கேட்க வேண்டும்' என்று நின்றவர்கள்.

சென்னையில் முதல் சினிமா காட்டியதும் அங்கேதானா? – வில்லிவாக்கம் வாசகர்

ஆமாம், 1890-களின் பிற்பாதியில். கதைப்படம் எல்லாம் இல்லை, ஓரிரு நிமிடத் துண்டுப் படங்கள். அதற்கெனத் தனிக் கொட்டகை வர இன்னும் பல வருடம் இருந்தது, எனவே சலனப்படமும் டவுன் ஹாலில்தான் முதலில் கால் வைத்தது.

கட்டடக்கலை படிக்கிறேன். வி.பி. ஹாலைப் போய்ப் பார்த்தால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? – தாம்பரம் மாணவி

முதலில் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து முழுசாகப் பாருங்கள், உடனே கிட்டே ஓடாதீர்கள். வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோல்ம். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் அவருடையது, திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியமும் அவருடையது. இதைத் தெரிந்துகொண்டு வி.பி. ஹால் கோபுரத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். கோபுரத்தின் உடம்பு இத்தாலியப் பாணிச் சதுரம், தலையில் இருக்கிற கூம்புக் கூரையோ திருவாங்கூர்க்காரர்கள் வீட்டிலும் கோயிலிலும் வைப்பது. மலையாளக் கரையில் வேலை பார்த்த மனிதர் அந்த ஊர்க் கூரையைக் கையோடு சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டார். கோபுர உச்சியில் சுடுமண்ணால் செய்த விளிம்பு வேலைப்பாடு ஒன்று ஓடுகிறது, அரபு எழுத்தின் நெளிவு மாதிரி இருக்கும். அதற்கு மட்டும் ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள்.

கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். உயர்நீதிமன்றக் கட்டடத்தை எழுப்பிய அதே ஒப்பந்ததாரர். (கணிதமேதை ராமானுஜன் கடைசி நாட்களில் தங்கியிருந்த சேத்துப்பட்டு வீடும் இவருடையதுதான், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அப்புறம் தாழ்வாரம். வெயில் நேராகக் கூடத்துக்குள் விழாமல் தூணும் வளைவுமாகத் தாழ்வாரம் தடுக்கிறது. மின்விசிறி வருவதற்கு முன் சென்னை ஜூன் மாதத்தில் அறுநூறு பேர் உட்கார வேண்டும் என்றால் தாழ்வாரம் இல்லாமல் நடக்காது. நோட்டுப்புத்தகத்தில் வரையும்போது கூடத்தையும் தாழ்வாரத்தையும் சேர்த்து வரையுங்கள்.

இவ்வளவு பெருமை உள்ள இடம் எப்படி அத்தனை வருடம் பூட்டிக் கிடந்தது? கோபமாக வருகிறது. – புரசைவாக்கம் வாசகர்

எனக்கும் வரும். நிலம் 57 கிரவுண்டு, 99 வருடக் குத்தகை, கிரவுண்டுக்கு எட்டணா வாடகை என்று ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்திருந்தார்கள். 1985-இல் குத்தகைக் காலம் முடிந்தது. அதன் பிறகு இடம் யாருக்கு என்பதில் அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் வழக்கு. வழக்கு நடக்கிற கட்டடத்தில் யாரும் ஓட்டைக்கூட மாற்ற மாட்டார்கள், எல்லா ஊரிலும் இதுதான் கதை. கடைசியில் மாநகராட்சி 'சிங்காரச் சென்னை 2.0' திட்டத்தில் 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, 2023-இல் சீரமைப்பைத் தொடங்கியது.

செலவு பற்றி எனக்குக் குறை இல்லை. ஒரே ஒரு ஆசை உண்டு, அதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். இந்த ஹாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி ஆக்கிவிடக் கூடாது. வாரத்துக்கு இரண்டு நாளாவது சின்னக் குழுக்கள் நாடகம் போட வேண்டும். பெரம்பூர் ரயில்வே ஊழியர் குழு, வியாசர்பாடி இளைஞர் குழு, கல்லூரிப் பிள்ளைகள் என்று கையில் பணம் இல்லாதவர்களும் வாடகைக்கு எடுக்கக்கூடிய கட்டணம் வேண்டும். சுகுண விலாச சபை ஆரம்பித்த அந்தப் பையன்களிடமும் அன்றைக்குப் பணம் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. இன்றைக்கு அப்படி ஒரு பதினெட்டு வயதுப் பையனோ பெண்ணோ உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்றால் அந்த 32 கோடியில் சுவர் மட்டும்தான் பிழைத்தது என்று அர்த்தம்.

எங்கள் ஊர் ரீகல் டாக்கீஸை விட்டுவிட்டு டவுன் ஹால் பற்றி எழுதலாமா? – மதுரை வாசகர்

விடவே இல்லை, உங்கள் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். மதுரை ரயில் நிலையம் பக்கத்து விக்டோரியா எட்வர்டு மன்றத்தில்தான் ரீகல் டாக்கீஸ் நடந்தது, பகலில் வாசகசாலை, பொழுது சாய்ந்ததும் சினிமா. வாசகசாலை நடந்ததால் அப்போது பகல் காட்சியே கிடையாது, சாயங்காலம்தான் படம், அதுவும் இங்கிலீஷ் படம். பேப்பர் படிக்க வந்தவர் அப்படியே இருந்து படமும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன கதைகளை மதுரைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பின்னால் 'தங்கரீகல்' என்று பெயர் மாறியது. ஒரே கூரை, இரண்டு வேலை. சினிமா வருமானம் இருந்தால் மன்றமும் பிழைக்கும். பழைய கட்டடத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் நகராட்சிக்குச் சொந்தமான பழைய டவுன் ஹால் ஒன்று இருக்கிறது. உள்ளே சின்ன மரமேடை. இப்போது ரேஷன் சாக்கும் உடைந்த நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு நாடகமாவது போட வேண்டும் என்று நினைக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது? – ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அம்மா, இந்த மாதக் கடிதங்களில் நான் இரண்டு தடவை படித்தது உங்களுடையதைத்தான். எனக்கும் இப்படி ஒரு ஹால் இருந்தது. இருபத்திரண்டு வயதில், வேலை கிடைத்துப் போன ஊரில், அலுவலக மன்றத்து நாடகத்துக்கு நான் பிராம்ப்டர், அதாவது மறந்துபோன வசனத்தை மறைவிலிருந்து எடுத்துக்கொடுக்கிறவன். பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி, கையில் சிம்னி வெளிச்சம் மாதிரி மங்கலாக ஒரு டார்ச், மடியில் நாடகப் பிரதி. மேடைப் பலகையில் இடது பக்கம் மூன்றாவது பலகை மிதித்தால் 'கிரீச்' என்று கத்தும். சோகக் காட்சியில் யாரும் அதில் கால் வைத்துவிடக் கூடாது என்று ஒத்திகையின் முதல் நாளே அதன் மேல் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவோம். அன்றைக்குக் கதாநாயகி வேஷம் போட்ட டைப்பிஸ்ட் அக்கா, அழுதுகொண்டே, வசனம் பேசிக்கொண்டே, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கி அந்தப் பலகையைத் தாண்டியது இப்போதும் கண்ணில் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்த ஹால் இப்போது இல்லை, இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வேலை, கட்டடம் தாங்குமா என்று தெரிந்துகொள்வது. நகராட்சி ஆணையருக்கு உங்கள் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள், பொறியாளரை வைத்து உறுதித்தன்மைச் சான்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வார்டு கவுன்சிலரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். மனுவில் 'பாரம்பரியம்' என்று நாலு பக்கம் எழுதுவதைவிட, 'வருடத்துக்கு இத்தனை நாள் வாடகை தருகிறோம், துப்புரவு எங்கள் பொறுப்பு' என்று இரண்டு வரி எழுதினால் கோப்பு நகரும். சாக்கு மூட்டையை வைக்க மாற்று இடம் ஒன்றையும் நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள், அது இல்லாமல் எந்த அதிகாரியும் அறையைக் காலி செய்ய மாட்டார்.

சுவரில் உப்புப் பூத்து உதிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதன் மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள். இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். அந்தக் காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். உள்ளே ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆறிவிடும். சிமெண்ட் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்னும், இரண்டு மழைக்காலத்தில் பூச்சு அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள். கூரை உத்தரம் தேக்காக இருந்தால் முனைகள் சுவருக்குள் போகிற இடத்தில் கரையான் இருக்கிறதா என்று ஆணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், உளுத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அடுத்து மின்சாரம். பழைய வயரிங்கில் ஒரு விளக்கைக்கூட மாட்டாதீர்கள். மேடை விளக்குக்குத் தனி லைன், மின்சாரம் அளவு மீறினால் தானே அணைகிற தனி எம்.சி.பி. படுதா துணி, மரமேடை, உலர்ந்த கூரை மரம், எல்லாமே பற்றிக்கொள்ளக் கூடியவை. தீயணைப்புச் சிலிண்டர் இரண்டு, வெளியே திறக்கிற கதவு இரண்டு, இது இல்லாமல் ஒத்திகைகூட வேண்டாம்.

மைக் அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒருவரை மேடையில் நிறுத்திச் சாதாரணமாகப் பேசச் சொல்லி, நீங்கள் கடைசிச் சுவரில் முதுகை ஒட்டி நின்று கேட்டுப் பாருங்கள். காலியாக இருக்கும்போது எதிரொலித்தால் பயப்பட வேண்டாம், ஆட்கள் வந்து உட்கார்ந்தால் பாதி அடங்கிவிடும். மிச்சத்துக்குப் பின்சுவரில் கனமான துணி தொங்கவிடுங்கள். மைக் இல்லாமல் பேசப் பழகிய குழுவுக்கு எந்த ஊர் மேடையும் சொந்த மேடைதான்.

நாடகம்? முதலாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் ஊர்க் கதையாக இருக்கட்டும், ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களை வைத்தே ஒன்று எழுதலாமே, சாக்கு ஏற்கெனவே அங்கே இருக்கிறது! டிக்கெட் போடுங்கள், பத்து ரூபாயாவது. பத்துப் பேரில் கணக்கு எழுத ஒருவர், நடிக்காமல் சாவி வைத்துக்கொள்ள ஒருவர் கண்டிப்பாக வேண்டும். சாவி வைத்திருக்கிறவரை மட்டும் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

தேதி முடிவானதும் ஒரு கார்டு போடுங்கள். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று அதிலேயே எழுதிவிடுங்கள், நான் நாடகம் முடிகிற வரை இருந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.